கேட்காமல் ஏறும் வரி: செட்டிநாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மூன்று பேருக்கும் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாடு என்று அரசாங்க வரைபடத்தில் ஒரு மாவட்டமும் கிடையாது, தாலுகாவும் கிடையாது. பெரும்பகுதி சிவகங்கையில், மிச்சம் புதுக்கோட்டையில். எங்களுக்குப் பொதுவாக ஒரு குறை வந்தால் உங்களில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போக வசதியாகப் போய்விடும். இந்தத் தடவை அந்த வசதி வேண்டாம். நீங்கள் எந்தக் கட்சி என்பதையும் நான் பார்க்கவில்லை. நான் சொல்லப்போவதில் சென்னைக்கும் பங்கு உண்டு, டெல்லிக்கும் பங்கு உண்டு. மாறி மாறி ஆண்ட யாரும் இதில் கை நனைக்காதவர்கள் இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இப்போது ஓய்வு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சில குடும்பங்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, கூட்டிப் பெருக்கி, கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, கரண்ட் பில்லும் சொத்து வரியும் கட்டுவது என் பொறுப்பு. வரி நோட்டீஸ் வந்தால் சொந்தக்காரர் கண்ணுக்கு முன் என் கண்ணில்தான் படும்.

விஷயம் அந்தச் சொத்து வரிதான்.

2022 ஏப்ரலில் சென்னை நீங்கலான நகரங்களில் குடியிருப்புகளுக்கு வரி எப்படி ஏறியது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் போனால் 100 சதவீதம், அதாவது நேர் இரட்டிப்பு. பல வருஷமாக ஏற்றவில்லை, அதனால் ஏற்றுகிறோம் என்றார்கள். சரி, ரோடு போடவும் குப்பை அள்ளவும் காசு வேண்டும்தான். வரியே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த 1,800 என்ற கோட்டை எங்கே உட்கார்ந்து போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

அண்ணாநகர் அடுக்குமாடியில் 1,800 சதுர அடி என்றால் வசதியானவர் வீடு. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் முடிவதற்குள் அந்த 1,800 தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நடு முற்றத்தோடு வளவு, அதைச் சுற்றிப் பத்தி என்கிற தாழ்வாரம், வரிசையாக அறைகள், இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று பின்தெரு வரைக்கும் போகும். இந்த ஊர்கள் எல்லாம் பேரூராட்சி. தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகி, கோட்டையூரும் கண்டனூரும் அரியக்குடி, கோவிலூர் மாதிரி ஊராட்சிகளும் அதற்குள் போயாகிவிட்டது. ஆக, பெரிய வீடுகள் அதிகம் இருக்கிற ஊர்களில் பல நகர்ப்புற வரிச் சட்டத்துக்குக் கீழேதான் இருக்கின்றன.

பெரிய வீடு என்றால் பெரிய வருமானம் என்று ஒரு கணக்கு. மதுரையில் வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கு அது பொருந்தலாம். இங்கே பெரிய வீடு என்றால் பெரிய செலவு. ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த நாட்டு ஓட்டை மாற்றியாக வேண்டும். மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஈரம் உத்தரத்தில் இறங்கும். பர்மாத் தேக்கு அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் அதைத் தாங்குகிற சுவர் சுண்ணாம்புச் சுவர். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பூச்சு ஒரு தடவை பெயர்ந்தால், அதே மாதிரி திரும்பப் பூச இப்போது சொற்ப ஆட்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கிற கூலியும் நியாயமானதுதான். இத்தனைக்கும் அந்த வீட்டில் வருஷத்துக்கு நாலு நாள் விளக்கு எரிந்தால் அதிகம். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, ஊர்க்கோயில் கும்பாபிஷேகம். அவ்வளவுதான்.

மறு அளவீட்டுக்கு ஒரு பையன் டேப்போடு வந்தான். முகப்பிலிருந்து ஆரம்பித்துப் பின்கட்டு வரை நீளம், குறுக்கே அகலம், இரண்டையும் பெருக்கினான். நடுவில் திறந்த முற்றம் இருக்கிறதே தம்பி, மழை பெய்தால் நீயும் நானும் நனைவோமே, வானத்துக்கும் வரியா என்றேன். சிரித்துவிட்டு முற்றத்தைக் கழித்தான். நல்ல பையன். நான் அங்கே நின்றதால் கழித்தான். நிற்க ஆள் இல்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே நிறைய.

இதெல்லாம் 2022 கதை. அதைவிட எனக்கு உறுத்துவது அடுத்து வந்தது. ஆண்டுதோறும் 6 சதவீதமோ, மாநில உற்பத்தி வளர்ச்சியின் ஐந்தாண்டுச் சராசரியோ, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சொத்து வரி ஏறலாம் என்று விதியில் வைத்துவிட்டீர்கள். 2024ல் ஒரு தடவை ஏறியும் ஆயிற்று. வருஷம் 6 சதவீதம் என்று விடாமல் ஏறினால் இன்றைக்கு 10,000 ரூபாய் கட்டுகிறவர் பன்னிரண்டு வருஷத்தில் 20,000க்கு மேல் கட்டுவார். அந்தப் பன்னிரண்டு வருஷமும் மன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட எழுந்து நின்று, இன்ன வேலைக்கு இவ்வளவு பணம் வேண்டும், அதனால் ஏற்றுகிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை யார் முடிவு செய்தது என்று விசாரித்துப் பாருங்கள். கவுன்சிலரைக் கேட்டால் அரசாணை என்பார். சென்னையைக் கேட்டால், 15ஆவது நிதிக்குழு போட்ட நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில வளர்ச்சிக்குத் தக்கபடி வசூலை ஏற்றிக்கொண்டு போனால்தான் நகர அமைப்புகளுக்கு டெல்லி மானியம் வரும் என்பார்கள். அது உண்மைதான். டெல்லியைக் கேட்டால், நிதிக்குழு அரசியலமைப்பின்படி அமைந்த தனி அமைப்பு, நாங்கள் பரிந்துரையை ஏற்றோம், அவ்வளவுதான் என்பார்கள். அதுவும் உண்மைதான். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வரி கட்டுகிறவன் யாரிடம் சண்டை போடுவது என்பது மட்டும் தெரியவில்லை.

1992ல் 74ஆவது திருத்தம் கொண்டுவந்து நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தோம் என்று மேடைதோறும் பேசினார்கள். முப்பது வருஷம் கழித்து அந்த நகராட்சி மன்றம் செய்கிற வேலை, மேலேயிருந்து வருகிற சதவீதத்துக்குத் தீர்மானம் போட்டு ஒட்டுவது. எதிர்த்து ஓட்டுப் போட்டால் மானியம் போய்விடும் என்று பயம். இப்படிப்பட்ட மன்றத்துக்கு எதற்குத் தேர்தல்?

செட்டிநாட்டுக்கு வரி புதிதில்லை. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கணக்கில் ஒரு புள்ளி. ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி உண்டு. வசதிக்குத் தக்கபடி ஆஸ்தி வரி தனி. வியாபாரத்தில் தர்மத்துக்கு என்று ஒதுக்குகிற ஒரு பங்கு மகமை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர்களும் மகமை எழுதித்தான் ஐந்தொகை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கு, கட்டினார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் இவ்வளவு வசூல் ஆனதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. கேட்கிறவர் பெயர் தெரியும், எதற்குக் கேட்கிறார் என்று தெரியும், செலவு செய்ததை ஊர்க்கூட்டத்தில் ஒப்பிக்க வேண்டும். திருப்பணி ஆகியிருக்கிறதா இல்லையா என்பதைக் கோபுரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தப் பழைய ஏற்பாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் வரவில்லை. அது ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கும், கதவைச் செதுக்கிய தச்சருக்கும், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்த்தவருக்கும் அதில் வாயே கிடையாது. நகராட்சி மன்றத்தில் அவர்கள் பிள்ளைகள் உட்காரலாம், உட்காருகிறார்கள். அது பெரிய விஷயம். அதனால்தான் கேட்கிறேன்: இத்தனை காலம் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தில், முடிவெடுக்கிற பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய்விட்டீர்களே, ஏன்?

இன்னொரு பேச்சு உடனே வரும் என்று தெரியும். அரண்மனை மாதிரி வீட்டுக்குச் சொந்தக்காரன் வரி கட்ட அழுகிறான் பார் என்று. அரண்மனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். நான்கைந்து தலைமுறை பிரிந்து பிரிந்து, ஒரு வளவில் இருபது முப்பது புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் அமெரிக்காவில் டாக்டர், ஒருவர் அம்பத்தூரில் கம்பெனி ஸ்டோர்கீப்பர், இன்னொருவர் இதே ஊரில் பலகாரம் சுட்டுக் கொடுத்துப் பிழைக்கிற விதவைப் பெண். வரி எல்லோருக்கும் சேர்ந்து வருகிறது. டாக்டர் முழுசையும் கட்டிவிடுகிறேன் என்பார், மற்றவர்களுக்கு அது கௌரவக் குறைச்சல். ஸ்டோர்கீப்பர் ஒரு தடவை தவறவிடுவார். தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் தண்டம் ஏறும். அப்புறம் ஒருநாள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது, "எதற்கு இவ்வளவு கஷ்டம், விற்றுவிடலாமே" என்று போடுவார்.

இந்த ஊர்களில் விற்பது என்றால் பெரும்பாலும் பிரித்து விற்பது. முழு வீட்டை வாங்க ஆள் இல்லை. தூணுக்கும் கதவுக்கும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். நிலைக்கதவு, சாமி படம், எனாமல் தூக்குச்சட்டி, தேக்குத் தூண் எல்லாம் வரிசையாக நிற்கும். அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வாங்காவிட்டால் அது விறகுக்குப் போயிருக்கும். வீடுகள் பிரிவதற்கு வரி ஒன்றே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். பங்காளிச் சண்டை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஊர் ஒட்டாதது இருக்கிறது. ஆனால் தள்ளாடிக்கொண்டிருக்கிற ஆளை லேசாகத் தள்ளிவிட வருஷா வருஷம் ஒரு கை நீள்கிறது.

சரி, சண்டை இல்லாமல் பங்கை ஒருவர் பெயருக்கு மாற்றி ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பத்திரப்பதிவு. குடும்பத்துக்குள் எழுதுகிற பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத்தாள் உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2023 ஜூலையில் 40,000 ஆக்கினீர்கள். பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாயிலிருந்து 10,000. ஒரு அண்ணன் தம்பிக்கு இது தாங்கும். பங்காளிகள் ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு விடுதலைப் பத்திரம் எழுதுகிற எங்கள் வீடுகளில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அதனால்தான் பட்டாவும் வரி ரசீதும் இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருக்கின்றன. செத்துப்போனவர் ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு பக்கம் செய்துகொண்டே மறுபக்கம் மரபுச் சின்னம் என்று பெருமை பேசுகிறோம். 2014லிருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. 2012ல் சட்டமன்றத்தில் மரபு ஆணையச் சட்டம் போட்டீர்கள், அது பல வருஷம் தாளிலேயே கிடந்தது. உண்மையைச் சொன்னால் அது கிடந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பட்டியலில் சேர்ந்த கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்த மாதிரிச் சட்டங்களின் சாரம். மழை வருவதற்குள் ஓடு மாற்ற மனு கொடுத்துவிட்டு, கமிட்டி கூடுகிற வரை அண்டாவை வைத்து ஒழுகலைப் பிடிக்கச் சொல்வார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

இந்த வட்டாரத்தில் பெரிய காரியங்கள் எப்படி நடந்தன என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கோட்டையூர் ரோஜா முத்தையா, யாரும் கேட்காமல், தன் காசைப் போட்டுப் பழைய தமிழ்ப் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீஸும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1992ல் அவர் இறந்தபின் அதை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். அதே தமிழ்நாட்டில் 1948லிருந்து நூலகச் சட்டம் இருக்கிறது, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறோம். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

வசூலிக்கிறவர் எண்ணத்துக்கும் கடைசியில் நடப்பதற்கும் இருக்கிற தூரத்தை டெல்லியும் பார்த்திருக்கிறது. 1973-74ல் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு 97.75 சதவீதம் வரை போனது. அந்த உச்சத்தில் மேற்கொண்டு சம்பாதிக்கிற நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் கையில் நிற்கும். அதை யார் ஒழுங்காகக் காட்டியிருப்பார்கள்? 1997ல் அந்த உச்ச விகிதத்தை 30க்குக் குறைத்தவர் அப்போது நம் சிவகங்கையின் எம்.பி.யாக இருந்த ப. சிதம்பரம். அவருடைய மற்ற கொள்கைகளோடு எனக்கு ஒத்துப்போகாது, ஆனால் அதற்கப்புறம் வந்த எந்த நிதியமைச்சரும் அந்த அடிப்படை விகிதத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. இறந்தவர் சொத்துக்கு வரி 1953ல் வந்து 1985ல் போனது. செல்வ வரி 1957ல் வந்து 2015 பட்ஜெட்டில் போனது. போனபோது அரசே சொன்ன காரணம், வசூலிக்கிற செலவு அதிகம், கிடைக்கிற பணம் குறைவு. வருமானம் தராத சொத்தின் மேல் கை வைத்தால் இதுதான் ஆகும் என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று.

பணம் இல்லை, என்ன செய்வது என்பீர்கள். 2025-26 பட்ஜெட்டின்படி 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். 2024-25ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 48,000 கோடிக்கு மேல். சாராயத்தைச் சில்லறையில் விற்கிற வேலையை 2003லிருந்து அரசாங்கமே எடுத்துச் செய்கிறது. அவ்வளவு வந்தும் போதவில்லை, கடனும் போதவில்லை, அதற்கப்புறமும் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள் என்றால் குறைச்சல் வரவில் இல்லை. ஏழைப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டு திணறுகிற மற்ற எத்தனையோ வேலைகளை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், எதை விடலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் உங்களிடம் மானியம் கேட்கவில்லை. மரபு வீட்டுக்குச் சலுகைத் திட்டம், அதற்கு ஒரு ஆணையம், ஆணையத்துக்கு ஒரு ஜீப், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கேட்பது சட்டமன்றத்தில் ஒரு திருத்தம். தானாக ஏறுகிற விதியை எடுத்துவிடுங்கள். வரி ஏற்ற வேண்டுமா, அந்தந்த ஊர் மன்றம் கூடட்டும், எதற்கு என்று சொல்லட்டும், பெயர் போட்டு ஓட்டெடுக்கட்டும். டெல்லி நிபந்தனை குறுக்கே நின்றால், அந்த நிபந்தனையை எதிர்த்து ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள். எத்தனையோ விஷயத்துக்குத் தீர்மானம் போடுகிற சபைதானே.

கூடவே காலி வீட்டுக் கழிவு. இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, ஒரு அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ ஒரு கட்டடம் காலியாகக் கிடந்தால் அந்தக் காலத்துக்கு உரிய வரியில் பாதி வரை தள்ளுபடி செய்ய வழி இருந்தது. யாரும் குடியில்லாத வீடு குப்பை போடுவதில்லை, தண்ணீர் எடுப்பதில்லை, சாக்கடையை நிரப்புவதில்லை என்ற சாதாரண புத்தி அன்றைக்கு இருந்தது. அதை நடைமுறையில் ஒழுங்காகக் கொண்டுவாருங்கள். யாராவது ஏமாற்றுவார்களே என்றால், மின்மீட்டரைப் பார்த்தால் போதும், வீடு பூட்டியிருந்ததா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

மூன்றாவதாக, வசூல் கணக்கு. எங்கள் ஊரில் அரையாண்டுக்கு எவ்வளவு சொத்து வரி வந்தது, அதில் எங்கள் தெருக்களுக்கு என்ன செலவானது என்று ஒரே ஒரு தாளில் எழுதி, அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். இணையதளத்தில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நான் வாழ்நாள் பூராவும் பேரேடு புரட்டியவன், எனக்கே அங்கே தலை சுற்றுகிறது.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர் இதைக் கேள்வியாக எழுப்பினால் நல்லது. கேள்விக்குத் தேவையான ரசீதுகள், பழையதும் புதியதுமாக, வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு என்னிடம் தயாராக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பூட்டிய வீடுகளுக்கு வரி கட்டும் கணக்குப்பிள்ளை,
காரைக்குடி வட்டாரம்.